சேற்றுப் பாதைக்கு ஸ்பிளெண்டர்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாண்டிக்குடியில் மிளகுக் கொடிகள் தேறி வருவதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே போடியில் எல்லோரும் நலம். மகள் மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்தால் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில் வண்டி வழுக்குகிறது என்றும், ஸ்பிளெண்டர் பைக்கை விற்றுவிட்டு, கரடுமுரடான பாதைக்கென்றே வரும் எக்ஸ்பல்ஸ் பைக்கை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். விற்காதே. எக்ஸ்பல்ஸ் நல்ல வண்டிதான். 21 அங்குல முன்சக்கரமும் அடியில் 220 மில்லிமீட்டர் இடைவெளியும் கல்லும் குழியுமான பாதையில் பெரிய துணை. ஆனால் அது 150 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. உன் ஸ்பிளெண்டர் 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் வண்டி சரிந்தால் நீ தனியாகத்தான் நிமிர்த்த வேண்டும். வழுக்கும் செம்மண்ணில் கால் ஊன்றிக்கொண்டு அதைச் செய்யும்போது அந்த நாற்பது கிலோ வித்தியாசம் என்னவென்று தெரியும்.

சாலை வண்டியைக் காட்டுக்குத் தயார் செய்வது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகர விற்பனையாளரான ஹெர்ப் ஊல், ஹோண்டாவின் சூப்பர் கப் வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பின்பக்கம் பெரிதாக்கி, கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் பட்டன் டயர் மாட்டி, வேட்டைக்கும் மீன் பிடிப்பதற்கும் மலையேறுபவர்களுக்கு விற்றார். அதைக் கவனித்த ஹோண்டா, 1961-இல் டிரெயில் 50 என்ற பெயரில் அப்படியொரு வண்டியைத் தானே விற்கத் தொடங்கியது. வெறும் 50 சிசி இன்ஜின் அது. டயரும் பல் விகிதமும் சரியாக அமைந்தால் சிறிய இன்ஜினும் மலையேறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முதலில் டயர். இப்போது உன் வண்டியில் இருக்கும் டயரின் கோடுகள் மழைநீரை ஒதுக்குவதற்கு வெட்டப்பட்டவை. களிமண் அவற்றில் ஏறி அடைத்ததும், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. பட்டன் டயரில் கட்டைகளுக்கு இடையே அகலமான இடைவெளி இருப்பதால், சக்கரம் சுற்றும் வேகத்திலேயே மண் உதிர்ந்துவிடும். ஆனால் நீ பட்டிவீரன்பட்டி வழியாகத் தார்ச்சாலையிலும் இறங்க வேண்டியவன். கட்டைகள் மிக விலகி நிற்கும் டயர் ஈரத் தாரில், அதுவும் கொண்டை ஊசி வளைவில், பிடிப்புக் குறைவாகவே இருக்கும். ஆகவே கட்டைகள் நெருங்கிய நடுத்தர வகையை இரண்டு சக்கரங்களுக்கும் போடு. பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே. முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது.

சேற்றுக்குள் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும். 20 பவுண்டுக்குக் கீழே போகாதே. டியூப் டயர் என்பதால், மிகவும் குறைத்தால் டயர் ரிம்மில் நகர்ந்து டியூபையும் இழுக்கும், வால்வின் கழுத்து அறுந்துவிடும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அந்த நகர்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது ஸ்பிராக்கெட். முன்னால் 14 பல்லும் பின்னால் 42 பல்லும் இருந்தால் விகிதம் 3. முன்னால் 13 ஆக்கினால் 3.23 ஆகிறது, இழுவை கூடும். பின்பக்கம் மாற்றி அதே பலன் பெறுவதற்கு 45 பல் வேண்டும். செயினும் நீளமாக வேண்டிவரும். முன்பக்கம் ஒரு பல் குறைப்பதே செலவு குறைந்த வழி. முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக் கருக்காமல் மெதுவாக ஏறலாம். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வேகம் சற்றுக் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகும். அதற்கு மேல் குறைக்க வேண்டாம், சிறிய வட்டத்தில் வளையும் செயின் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, மட்கார்டு. ஏறிய சேறு வெளியேற வழியில்லாமல் போகும்போதுதான் வண்டி சிக்கிக்கொள்கிறது. முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே உள்ள இரண்டு விரல் இடைவெளியில் புல்லும் வேரும் கலந்த களிமண் இறுகினால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பட்டறையில் நல்ல கிளாம்பு அடித்து மட்கார்டை உயர்த்தி மாட்டச் சொல். பின்பக்கம் அடியில் தொங்கும் ரப்பர் மடலை எடுத்துவிடு. முழு செயின் கவரைப் பற்றி மெக்கானிக்குகளிடையே இரண்டு கருத்து உண்டு. கோடைப் புழுதியில் அது செயினைக் காக்கிறது, மழையில் உள்ளேயே சேற்றைத் தேக்குகிறது. மழைக்காலத்துக்கு மட்டும் மேல்பாதியை விட்டு அடிப்பாதியைக் கழற்றுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வண்டியை உயர்த்துவதற்கு நீளமான ஷாக் அப்சார்பர் போடுவதாக எழுதியிருந்தாய், அதை விட்டுவிடு. பின்பக்கம் எழும்பினால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் அலையும், உன் கால்களும் தரைக்கு எட்டாது. அதற்குப் பதிலாக இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு போடு, ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேரே துளை இருக்கட்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரை எடுத்து, பல் வெட்டிய இரும்பு மாட்டினால் எழுந்து நின்று ஓட்டும்போது செருப்பு வழுக்காது. ஓடையைக் கடந்தபின் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டி டிரம்மை உலர்த்து.

மிக மோசமான நாளுக்கு மலைக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது. ஸ்போக் கம்பிகளுக்கு இடையே தடித்த கயிற்றைக் கோத்து, பின்டயரைச் சுற்றிப் பல இடங்களில் முடிச்சுப் போட்டுக்கொண்டால் ஏற்றம் ஏறிவிடலாம். முடிச்சுகள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயினிலோ உரசாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொள். முதல் கியரைத் தாண்டாதே. தார் தொடும் இடத்தில் அவிழ்த்துவிடு. அலாய் வீலுக்கு மாறாமல் நீ ஸ்போக் சக்கரத்தையே வைத்திருப்பது இதற்கும் நல்லது. கல்லில் அடிபட்டு ரிம் நெளிந்தாலும் கம்பி முறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

பட்டன் டயரின் கட்டைகள் பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பின்டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே இருபுறமும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று அளந்து எழுது. செயினை இழுத்துக் கட்டியபின் அள. அளவு வந்ததும் தேனியில் டயர் பார்த்து வாங்கி, அடுத்த வாரம் வத்தலக்குண்டுக்குப் பேருந்தில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்