அரிப்புப் பக்கம் வானைத் திருப்புங்கள்: திருமலைக்காரருக்கு ஒரு மடல்

திருமலையில் (திருகோணமலையில்) வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும், சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம், ஆவணித் திருவிழாவுக்கு மடு என்று வான் பிடித்துச் சனத்தைக் கூட்டிப்போகிற அண்ணாமாருக்கும் வணக்கம்.

அவ்வளவு தூரம் மன்னாருக்குப் போகிறீர்கள், கும்பிட்டு முடிந்ததும் பெருக்கமரத்தையும் தலைமன்னாரையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை மன்னாருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான அரிப்புக்கும் வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அங்கே கடற்கரையோரம், அலை அறுத்துக்கொண்டே வருகிற மண்திட்டின் விளிம்பில், பாதி இடிந்த ஒரு மாளிகை நிற்கிறது. ஏற்கெனவே ஒரு பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சமும் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஊர்ச்சனம் அதை அல்லிராணி கோட்டை என்றுதான் சொல்லும். அர்ச்சுனனை மணந்த அல்லி இருந்து ஆண்ட இடமாம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் கண்முன்னே நிற்கிற சுவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரட்ரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு அது. கிரேக்கரின் டோரிக் பாணித் தூண்கள் வைத்துக் கட்டியதால் டோரிக் மாளிகை என்று பெயர். உள்ளே செங்கல், மேலே சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து. முத்துக்காகக் கடலுக்கடியில் மூச்சடக்கி நம் ஆட்கள் அள்ளிய சிப்பி, ஆளுநர் வீட்டுச் சுவருக்குப் பூச்சாகவும் ஆனது என்பதை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று யோசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. (நம் திருமலைப் பிரட்ரிக் கோட்டைக்கு 1803இல் அந்தப் பெயர் வந்ததும் நோர்த்தின் ஆட்சியில்தான், ஆனால் அந்தப் பிரட்ரிக் வேறு ஆள், யோர்க் கோமகன். பிள்ளைகள் குழம்புவார்கள், சொல்லிவிடுங்கள்.)

சரி, பார்க்கப் போகிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் போன அன்று நாலைந்து பெடியன்கள் சுவரின் உச்சியில் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள், அடியில் மண் கரைந்து அத்திவாரம் வெளியே தெரிகிற சுவர் அது. இன்னொரு பக்கம் ஒரு சின்னப்பிள்ளை செங்கல் துண்டொன்றைப் பைக்குள் வைக்க, தாய் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை, முன்கூட்டியே சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். வானை விட்டு இறங்கும் முன்னமே சொல்லுங்கள்: ஏறக்கூடாது, எடுக்கக்கூடாது, கடல் பக்க விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவே கூடாது.

கடலுக்குள் போனது திரும்பி வராது என்று திருமலைக்காரருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கோயில் நிற்கிற சுவாமிமலைக் குன்றுக்குக் கீழே கடலடியில் கிடப்பதை 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிப் பார்த்தார்கள். அந்தக் கோயில் முழுதாக நின்றபோது எப்படி இருந்தது என்று நம் கண்ணால் பார்க்க முடியாமல் போனதே என்று எத்தனை முறை பேசியிருப்போம்! அரிப்பு மாளிகைக்கு அந்தக் கதி வேண்டாம். பிள்ளைகளிடம் அளவுநாடாவும் கொப்பியும் கொடுத்து, தூர நின்றே சுவர்களைப் பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள், விளிம்பில் இருந்து கிட்டிய சுவர் எத்தனை அடி என்பதைப் பாதுகாப்பான பக்கமாக அளந்து திகதியோடு எழுதி வையுங்கள், அடுத்த வருடம் போகிறவர்கள் திரும்ப அளக்கட்டும்.

அப்புறம், வீட்டில் பழைய அல்பங்களைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மடுவுக்குப் போன பயணத்தில் அரிப்பிலும் இறங்கிப் படம் பிடித்த அப்பா, மாமா யாராவது இருந்திருப்பார்கள். பின்னால் ஒரு தூண், ஒரு சுவர் தெரிந்தாலும் போதும், எந்த வருடம் என்று பின்புறத்தில் எழுதி ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள்.