ஓடை தூர்வார இன்னும் எத்தனை மழை?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பழைய மழைநீர் ஓடையைச் சீரமைக்கச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தாயிற்று, சுற்றுச்சூழல் அனுமதி வரவில்லை என்ற ஒரே பதில்தான். போன ஐப்பசியில் அடுக்களைக்குள் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர், அரிசிச் சாக்கு அடியோடு நனைந்துபோனது.

சரி, அனுமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தண்ணீர் கடைசியில் பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலுக்குத்தான் போகிறது, பக்கத்திலேயே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களும் இருக்கின்றன. ஆனால் இருக்கிற கால்வாய்களைப் பராமரிப்புக்காகத் தூர்வாருவதற்கு, எந்தெந்த வேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2016இல் வந்த திருத்தம் முன் அனுமதியிலிருந்து விலக்கு தருகிறதே! அது எங்கள் ஓடைக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதை அதிகாரிகள் எழுத்தில் சொல்லட்டும்.

அள்ளுகிற சகதியை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. குளக்கரையில் குவித்தால் அடுத்த மழையில் அப்படியே குளத்துக்குள் இறங்கிவிடும். அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் மண்ணில் ஊறவும் வழியில்லை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், அதனால் மாசி, பங்குனிக்குள் வேலை முடிய வேண்டும்.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்