லூயிஸ் ஜோன்ஸ் வேறு, லூயிஸ் சைமன்சன் வேறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க காமிக்ஸ் உலகின் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘எக்ஸ்-மென்’ ஆசிரியர் (எடிட்டர்) லூயிஸ் ஜோன்ஸ் ஒரு பத்தியிலும், ‘சூப்பர்மேன்’ எழுத்தாளர் லூயிஸ் சைமன்சன் வேறொரு பத்தியிலும் வருகிறார்கள். இரண்டும் ஒரே ஆள். 1946-ல் அட்லான்டாவில் பிறந்தவர். ஜோன்ஸ் என்பது ஓவியர் ஜெஃப் ஜோன்ஸை மணந்ததால் வந்த பெயர். அவரைப் பிரிந்து, 1980-ல் ஓவியர் வால்டர் சைமன்சனை மணந்த பிறகும் சில வருஷம் இதழ்களில் பழைய பெயரே அச்சாகிக்கொண்டிருந்தது. குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

பெயர்ப் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் ஆளை இரண்டாகப் பிரித்ததால் கட்டுரை முக்கியமான ஒன்றைத் தவறவிட்டுவிட்டது. அவர் எழுத்தில் தெரியும் கட்டுப்பாடு ஆசிரியர் நாற்காலியில் கற்றது.

1974-ல் வாரன் நிறுவனத்தில் சேர்ந்து ‘க்ரீப்பி’, ‘ஈரி’, ‘வாம்பிரெல்லா’ இதழ்களின் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். மூன்றும் கறுப்பு வெள்ளையில் வந்த பேய்க்கதைப் பத்திரிகைகள். பெரும்பாலும் ஏழெட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும் கதைகள். வாரன் ஓவியர்களில் பலர் ஸ்பெயினில் இருந்து வரைந்தவர்கள். எழுதியவரும் வரைபவரும் நேரில் பார்த்துக்கொள்ளாத வேலையில், ஸ்கிரிப்ட்டில் தெளிவில்லாத ஒரு வரி தவறான படமாகக் கடல் கடந்து திரும்பும். நடுவில் இருந்து அதைத் தடுக்க வேண்டியவர் ஆசிரியர்.

1980-ல் ‘எக்ஸ்-மென்’ வெளியிடும் மார்வெல் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே வழக்கம் வேறு. முதலில் கதைச் சுருக்கம், அதை வைத்து ஓவியர் பென்சிலில் வரைவார், படத்தைப் பார்த்த பிறகுதான் வசனம். சிக்கல் எங்கே வரும் என்றால், முதலில் பேச வேண்டியவரை ஓவியர் கட்டத்தின் வலப்பக்கம் நிறுத்திவிடுவார். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வரும். வசன பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். பென்சில் நிலையில் பிடித்தால் அழிப்பான் போதும். மை போட்ட பிறகு என்றால் வெள்ளை பூசி, வெட்டி ஒட்ட வேண்டும். அச்சகக் கெடு கைவிட்டுப் போகும். கட்டுரை ‘மேற்பார்வை’ என்று ஒரே சொல்லில் கடந்த வேலை இது. கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் செய்த ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (‘எக்ஸ்-மென்’ 141, 142-ஆம் இதழ்கள்) அவர் ஆசிரியராக இருந்தபோது வந்ததுதான்.

ஆசிரியர் வேலையை விட்டு முழுநேரமாக எழுத வந்ததும் 1984-ல் ‘பவர் பேக்’. அண்ணன், தங்கை, தம்பி, கடைக்குட்டி என அபூர்வ சக்தி பெற்ற நான்கு பிள்ளைகளின் கதை. மூத்தவனுக்குப் பன்னிரண்டு, கடைசிப் பெண்ணுக்கு ஐந்து. வரைந்தவர் ஜூன் பிரிக்மன், அவரும் பெண். சூப்பர்ஹீரோ ஓவியர்கள் பெரியவர்களைத் தலையின் எட்டு மடங்கு உயரத்தில் வரைந்து பழகியவர்கள். அதே அளவில் குழந்தையை வரைந்தால் குட்டையான பெரியவர்தான் கிடைப்பார். குழந்தைக்கு ஐந்து, ஆறு மடங்குதான் சரி. பிரிக்மனின் பிள்ளைகள் பிள்ளைகளாகவே தெரிவார்கள். கட்டுரை இந்தத் தொடருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. எங்கள் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான்.

அப்போகலிப்ஸ் என்ற வில்லன் விஷயத்திலும் ஒரு திருத்தம். 1986-ல் ‘எக்ஸ்-மென்’ கிளைத்தொடரான ‘எக்ஸ்-ஃபேக்டர்’ ஆறாம் இதழில் லூயிஸ் எழுத வந்தார். ஐந்தாம் இதழின் முடிவில் நிழலாக நின்ற சூத்திரதாரியை, முன்பு எழுதிவந்த பாப் லேட்டன் ‘ஆவுல்’ என்ற டேர்டெவில் வில்லனாகத்தான் நினைத்திருந்தார். அந்த இடத்தில் லூயிஸின் புதிய வில்லனாக அப்போகலிப்ஸ் வந்தான், ஓவியர் ஜாக்சன் கைஸ் உருவம் கொடுத்தார். எனவே ‘வால்டர் சைமன்சன் உருவாக்கிய’ என்று நீங்கள் போட்டது சரியல்ல. வால்டர் அந்தத் தொடரை வரைய வந்தது பத்தாம் இதழில்.

1991-ல் டிசி தொடங்கிய ‘சூப்பர்மேன்: த மேன் ஆஃப் ஸ்டீல்’ நாலாவது சூப்பர்மேன் மாத இதழ். அதன்பின் வாரம் ஒன்றாக நான்கு இதழ்களில் ஒரே கதை ஓடியது. எதற்குப் பின் எதைப் படிப்பது என்று தெரிய அட்டையில் முக்கோணத்துக்குள் வரிசை எண் இருக்கும். நான்கு குழுக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரைவதால், இந்த வாரம் கிழிந்த சட்டை அடுத்த வாரம் முழுசாகிவிடும் ஆபத்து உண்டு. சூப்பர்மேனைக் கொல்லும் அரக்கன் டூம்ஸ்டே மேல் போர்த்திய பச்சை உடையோ இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிய வேண்டியது!

1992 இறுதியில் சூப்பர்மேன் சாகும்போது கட்டங்களையே எண்ணிக் குறைத்தார்கள். ‘அட்வெஞ்சர்ஸ்’ 497-ல் பக்கத்துக்கு நான்கு, ‘ஆக்‌ஷன்’ 684-ல் மூன்று, லூயிஸ் எழுதிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 19-ல் இரண்டு, ‘சூப்பர்மேன்’ 75-ல் பக்கத்துக்கு ஒரே படம். ஐந்தாறு கட்டத்தில் சொல்லும் கதையை இரண்டில் சொல்ல வேண்டுமென்றால் வசனத்தை ஈவு இரக்கம் இல்லாமல் வெட்ட வேண்டும். பலூனை நிரப்பினால் படம் மறையும், வேகம் செத்துவிடும். ஏறக்குறைய பத்து வருஷம் பிறர் வசனத்தை வெட்டிய கைக்கு அது புதிதல்ல.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு அலங்காரத்துக்காக 1971-ல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ 92-ஆம் இதழின் அட்டையைப் போட்டு, ‘சுவாம்ப் திங் (சதுப்புநில அரக்கன்) முதல் தோற்றம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அதில் கண்ணாடி முன் தலைவாரும் பெண்ணுக்கு, ஓவியர் பெர்னி ரைட்சன் மாடலாக வைத்துக்கொண்டது இதே லூயிஸைத்தான். திருத்தம் போடும்போது மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர்கள் சிலர்,
திருச்சி