நனைந்த ஒலிநாடாக்களை மீட்டுத் தந்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கிளிநொச்சி மாவட்டத்தின் கமநல சேவை நிலையமொன்றில் என்னுடன் பல்லாண்டுகள் ஒரே அறையில் பணியாற்றிய மூத்த நண்பர் அண்மையில் அறுபது வயது நிறைவுற்று ஓய்வுபெற்றார். அவர் எனக்கு அன்பளிப்பாகத் தந்திருந்த ஒலிநாடாக்கள் 2018 மார்கழி வெள்ளத்தில் மூழ்கிப்போயிருந்ததும், அவற்றுள் பெரும்பகுதி இன்று மீண்டும் ஒலிப்பதும் சிலருக்கே தெரியும். அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நேரில் நன்றி கூறியிருப்பினும், ஊரறியக் கூறாவிட்டால் மனம் ஆறாது என்பதால் இம்மடலை எழுதுகின்றேன். பெயர் போடவேண்டாமென்று அவர்களிற் சிலர் கேட்டுக்கொண்டமையால் ஒருவர் பெயரையும் நான் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி நண்பருக்கே உரியது. நான் வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவன். பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் பாட்டுக் கேட்ட தலைமுறை எங்களுடையது. அவ்வாறு சேர்த்த ஒலிநாடாக்கள் அனைத்தும் 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் போயின. உயிருடன் வந்ததே பெரிதென்றிருந்த காலத்தில் கசற் போனதைப் பற்றி யாரிடம் முறையிடுவது? மீள்குடியேற்றத்தின் பின்னர் வேலைக்குச் சேர்ந்து, காலபோகப் பசளை விநியோகப் பட்டியலை அவருடன் ஒப்புநோக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பேச்சுவாக்கில் இதனைக் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சம்பள நாளன்று என் மேசையிலிருந்த கோப்பு ஒன்றினுள் ஓர் ஒலிநாடா இருந்தது. "தம்பி, இது இருப்புப் பதிவேட்டில் ஏற்றத் தேவையில்லாத சாமான்" என்றார்.

அவருடைய சேகரிப்பு வவுனியாவில் தமக்கையார் வீட்டில் இருந்தமையால் தப்பியது. அதிலிருந்து பிரதி செய்தே எனக்குத் தந்தார். இரட்டை வேகத்தில் பிரதி செய்யும் வசதி அவருடைய கருவியில் இருந்தும், ஓசை மெலிந்துவிடும் என்று அதனை அவர் பயன்படுத்தியதில்லை. எனவே அறுபது நிமிட நாடா ஒன்றைப் பிரதி செய்ய அறுபது நிமிடமும் அருகிலிருந்து, முப்பதாவது நிமிடத்தில் பக்கத்தைப் புரட்டியும் போடவேண்டும். விரல் நுனியால் பாட்டு அனுப்பும் இக்காலத்தவருக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம்; எனக்கோ, வாரத்தில் ஆறு நாளும் பஸ்ஸில் அலைந்த ஒருவர் தமது ஞாயிற்றுக்கிழமையை வெட்டித் தந்ததாகவே பட்டது. உள்ளட்டையில், பதிவேடு எழுதும் அதே திருத்தமான கையெழுத்தில், எந்தக் கோயில் திருவிழா, என்ன இராகம் என்ற விபரங்களுடன், "இரண்டாம் பக்கத்தில் வெடிச்சத்தம் உண்டு, பொறுத்தருள்க" என்ற குறிப்பும் இருக்கும்.

அவர் நாதஸ்வரமும் தவிலும் கேட்பவர். நான் இலங்கை வானொலியில் வளர்ந்த சினிமாப்பாட்டு இரசிகன். 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவில் வாசிப்பை, வலந்தலை எனும் வலப்பக்கத்தில் கூடணிந்த விரல்கள் செய்வதையும் தொப்பி எனும் இடப்பக்கத்தில் கழி செய்வதையும் பிரித்துக் கேட்குமாறு எனக்குப் பழக்கியவர் அவரே. பதிலுக்கு நான் தேடிக் கொடுத்த பழைய சினிமாப் பாடல்களை அவர் அலுவலகக் குறிப்பு எழுதும் பாணியில் திருப்பியனுப்புவார்: "கேட்டேன். மூன்றாவது பாடல் அங்கீகரிக்கப்படுகின்றது. ஏனையவை பரிசீலனையில்." மேலதிகாரிகள் தந்த எந்தப் பாராட்டுக் கடிதத்தையும் விட அந்தத் துண்டுக் கடதாசிகளையே நான் பேணி வைத்துள்ளேன்.

இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த மார்கழியில் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது, நாடாக்கள் இருந்த பெட்டி அடித்தட்டில் இருந்தது. சேற்று நீர் வடிந்த பின்னர் அவற்றை எறிந்துவிடும்படி பலர் கூறினர். எறியாதே என்றவர் கடைத்தெருவில் வானொலி திருத்தும் ஐயா ஒருவரே. வெயிலில் காயவைத்தால் நாடா நெளிந்துவிடும் என்று கண்டித்து, வாகன பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கிவரச் செய்து, சுருள்களை ஒவ்வொன்றாக அலசி, நிழலில் நாட்கணக்காக உலர்த்தினார். மூலைக்கொன்றும் நடுவிலொன்றுமாக ஐந்து திருகாணி உள்ள கூடுகளைத் திறப்பது எளிது; ஒட்டி மூடப்பட்டவற்றைப் பிளேட்டினாற் பிளந்து, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டியிருந்தது. நாடாவைக் கருவியின் ஒலி வாசிக்கும் தலையோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு கழன்றிருந்த இடங்களில், ஆகாத கசற்றுகளிலிருந்து எடுத்து ஒட்டினார். தலையின் சாய்வைச் சிறு திருகாணியால் அவர் இம்மியளவு திருப்ப, சேற்றுக்குள் இருந்து வருவதுபோல் மங்கியிருந்த நாதஸ்வரம் துலங்கி வந்ததை நான் அருகில் நின்று கேட்டேன். இத்தனைக்கும் கூலியாக அவர் வாங்கியது, வடிநீருக்கும் தேநீருக்கும் கூடக் காணாது.

ஒலிக்கத் தொடங்கியவற்றைக் கணினியில் ஏற்றித் தந்தவர் எமது நிலையத்திற்குப் பயிற்சிக்கு வந்திருந்த தங்கை ஒருவர். ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ பத்து மெகாபைற் என்ற கணக்கில், சுருக்காத கோப்புகளாகவே அவர் சேமித்தார். இரைச்சலை முற்றாக நீக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, வெடிச்சத்தத்தை மட்டும் தொடவேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். உள்ளட்டைகள் கரைந்துபோன நாடாக்களைக் கேட்டு, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி எங்கே முடிகின்றது, பின்னர் வருவது எந்த இராகம் என்று எழுதித் தந்த முதிய நாதஸ்வர வித்துவானுக்கும், ஓய்வு நேரத்தில் களஞ்சிய அறையைத் திறந்துவிட்ட பொறுப்பதிகாரிக்கும் என் வணக்கம்.

பிரியாவிடைக்கு அவருடைய அன்பளிப்பையே அவரிடம் திருப்பிக் கொடுத்தால் போதுமா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைத் தாம் நேரிற் கேட்டதேயில்லை என்று அவர் எப்போதோ கூறியிருந்தார். அம்மாவின் ஊரான முள்ளியவளையில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் இதனைச் சொன்னபோது, வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கல் வேலைகளுக்கு நடுவிலும் மத்தளக்காரரையும் பிற்பாட்டுக்காரர்களையும் தமது முற்றத்திற்கு அழைத்து, என் தொலைபேசியிற் பதிவதற்காகவே பாடித் தந்தார். தொண்டை கட்டியிருந்த ஒருவர் சுடுநீர் குடித்துக் குடித்துப் பாடினார். அவர்கள் அனைவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இறுதியாக, இவ்வளவும் நடந்தது தெரிந்தும் கணவரிடம் வாய் திறவாதிருந்த அண்ணியாருக்கும், மூல நாடாக்களை மறுபடியும் தேடிக் கொடுத்த வவுனியா அக்காவுக்கும் நன்றி. மீட்ட பதிவுகளின் பிரதியொன்றை எங்கள் சனசமூக நிலையத்தில் வைத்துள்ளேன். விரும்புவோர் மாலை வேளைகளில் வந்து கேட்கலாம். கூத்துப் பதிவுக்கு அண்ணையிடமிருந்து துண்டுக் கடதாசி சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழுவதும் அங்கீகரிக்கப்பட்டுள்ளது, மத்தளம் மட்டும் இன்னும் சற்று அருகில் வைத்துப் பதியப்பட்டிருக்கவேண்டுமாம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
அதே மேசையில் இன்னும் பணியாற்றும் தம்பி,
கண்டாவளை.