வேலூர்த் தெருக்களில் சார்ஜ் போட இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வாகன ஆலைகள் நம் பகுதிக்கு வருவதைப் பற்றித் தொடர்ந்து செய்தி வெளியிட்டு வருகிறீர்கள். 2021-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறந்தது. பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். பழைய வட ஆர்க்காட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் ராத்திரியில் எங்கே சார்ஜ் போடுகிறார்கள் என்று யாரும் கேட்கக் காணோம். வீட்டு வயரிங் வேலை செய்பவன் நான். தினமும் பார்ப்பதால் எழுதுகிறேன்.

வேலூரில் வாடகைக் குடித்தனங்கள் அதிகம். சைதாப்பேட்டை, கொசப்பேட்டை பக்கம் போனால் ஒட்டி ஒட்டி வீடுகள்; வண்டி நிறுத்த வாசற்படிதான் இடம். மாடிப்படிக்குக் கீழே மீட்டர், அதன் பக்கத்திலேயே வண்டி, அதைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே வர வேண்டும். மாடியில் குடியிருப்பவர் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இறக்கி சார்ஜ் போடுகிறார். செல்போனுக்கும் மிக்ஸிக்கும் போட்ட ஐந்து ஆம்ப்ஸ் பாயின்டில் நான்கைந்து மணி நேரம் ஸ்கூட்டர் சார்ஜர் ஓடுகிறது. பல வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் டிரிப்பர் இல்லாத பழைய வீடுகள் இன்னும் எத்தனையோ. கழற்றி எடுக்கும் பேட்டரி என்றால் நேராகக் கூடத்துக்கே வந்துவிடுகிறது, குழந்தைகள் படுத்திருக்கும் பாய்க்குப் பக்கத்தில்.

வீட்டுக்காரர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு யூனிட் பிடிக்கும். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு? இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். 'வண்டி வாங்குவதானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிற வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் குடியிருப்பவர் என்ன செய்வார்? எல்லோரும் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் பிளக்கை மாட்டுவார்.

2022 மார்ச்சில் நம் ஊர் சின்ன அல்லாபுரத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. நல்ல காரியம். அதனால் வண்டி திருந்தியிருக்கும். வண்டியை மாட்டும் சுவர் அப்படியேதான் இருக்கிறது. வேலூர் வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, பேட்டரியைக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும் என்றுகூட வாங்குகிறவர்களுக்கு யாரும் நிதானமாகச் சொல்வதில்லை.

சார்ஜிங் நிலையம் என்றாலே பெங்களூரு நெடுஞ்சாலை ஓட்டல்களில் கார்களுக்கு வைத்திருக்கும் வேக சார்ஜர்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர் டீ குடிக்கும் நேரத்துக்குள் ஏற்றிக்கொள்ளட்டும், அதுவும் தேவைதான். ஆனால் காட்பாடி ஸ்டேஷனில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ரயிலேறுகிறவருக்கும், சி.எம்.சி. வாசலில் நாள் முழுக்கச் சவாரிக்கு நிற்கும் மின்சார ஆட்டோக்காரருக்கும் அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டாம். எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப்ஸ் பாயின்ட், டிரிப்பர், யூனிட்டைக் கணக்கிட ஒரு மீட்டர், மழை படாத கூரை, வீடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடம். இவ்வளவுதான் கேட்கிறோம்.

பணம் இல்லை என்று சொல்லவும் முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நாடு முழுவதும் இலக்கு வைத்த சுமார் 72,300 சார்ஜர்களில் 48,400 இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு. அதில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு எத்தனை கேட்டிருக்கிறோம்? எந்தெந்த இடத்துக்கு? மாவட்ட நிர்வாகங்கள் இதை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சார்ஜிங் நிலையம் நடத்த மின்சாரச் சட்டப்படி தனி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவாக்கிவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் மெக்கானிக் கடைக்காரரும் தாராளமாகத் தொடங்கலாம். இந்த விவரம் தெரியாமல் 'லைசென்ஸ் வேண்டுமாமே' என்று பயந்து ஒதுங்கியவர்களை எனக்கே தெரியும். மின் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தால் இழுத்தடிக்காமல் கொடுக்கட்டும், அது போதும்.

பழைய பேட்டரி எங்கே போகும் என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. மூடிய தொழிற்சாலை விட்டுப்போன குரோமியக் கழிவு ராணிப்பேட்டையில் எத்தனை ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது என்று நமக்குத் தெரியும். பாலாற்றங்கரையில் இன்னொரு குவியல் வேண்டாம்.

வேலூர் மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் இது: புதிய பஸ் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்திலும், காட்பாடியில் ரயில்வேயோடு பேசி அங்கேயும், வார்டுக்கு ஓரிடத்திலும் இந்தச் சாதாரண பாயின்டுகளை வரும் கோடைக்குள் போடுங்கள். வாடகை வீடுகளில் வயரிங்கைச் சோதித்துச் சொல்ல மின்வாரியமும் உரிமம் பெற்ற வயர்மேன்களும் சேர்ந்து வார்டு வாரியாக முகாம் நடத்தலாம். கூப்பிட்டால் கூலி வாங்காமல் வர நானும், என்னோடு வேலை பார்ப்பவர்களும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
சத்துவாச்சாரி, வேலூர்.