ஆச்சி வீட்டுக் கல்யாணமும் அண்ணாச்சி கடைச் சாமானும்: ஒரு நன்றி மடல்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பக்கத்து இரண்டு உள்ளூர் கேபிள் சானல்களின் தொடர்களும் சேர்ந்து எடுத்த ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியை வீட்டோடு உட்கார்ந்து பார்த்தீர்கள், மனசாரப் பணமும் கொடுத்தீர்கள். அந்தப் பணத்தில், தானாக நிமிர்ந்து உட்கார முடியாத பிள்ளைகளுக்காகச் செய்த நாற்காலிகள் போன வாரம் அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் ஆச்சி வீட்டுத் தொடருக்கு வசனம் எழுதுகிறவன். இரண்டு குழுவின் சார்பாகவும் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி கடைத் தொடரின் இயக்குநர் வாசித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது.

இந்த இரண்டு தொடரும் ஒரே நேரத்தில் எதிரெதிர் சானலில் ஓடுகிறவை. ஒரே வீட்டில் மாமியார் இது, மருமகள் அது என்று ரிமோட்டுக்குச் சண்டை நடப்பது எங்களுக்குத் தெரியும். நடிகர்களும் கோயில் திருவிழாவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. பெரிய சானல்களில் மகாசங்கமம் என்று இரண்டு தொடர்களைச் சேர்ப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் இரண்டும் ஒரே சானலின் பிள்ளைகள். போட்டிக்காரர்கள் சேர முடியும் என்று எங்களுக்குச் சொன்னவர் லண்டனில் நர்ஸாக இருக்கும் கோட்டையூர் அக்கா. முதல் நன்றி அவருக்கு.

அங்கே ஐ.டி.வி.யில் 1960 முதல் ஓடும் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்', பி.பி.சி.யில் 1985 முதல் ஓடும் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' இரண்டும் பரம்பரைப் போட்டிக்காரர்கள். ஒன்று மான்செஸ்டர் பக்கத்துத் தெரு, மற்றது கிழக்கு லண்டன். 2010 நவம்பர் 19 அன்று, பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் பி.பி.சி.யின் 'சில்ட்ரன் இன் நீட்' நிகழ்ச்சிக்காக இரண்டின் பாத்திரங்களும் 'ஈஸ்ட் ஸ்ட்ரீட்' என்ற குட்டி நாடகத்தில் ஒன்றாக வந்தார்கள். அக்கா இதைப் போனில் சொல்லிவிட்டு, "நீங்களும் பிள்ளைகளுக்காகச் செய்யலாமே தம்பி" என்றார். அப்புறம் விடவே இல்லை, வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதை பிடிபட நேரமாகவில்லை. ஆச்சி வீட்டில் கல்யாணம், அண்ணாச்சி கடையில் சாமான், நடுவே பேரேட்டில் பழைய பாக்கி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

வீடுதான் பெரிய காரியம். நம் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்கு, பங்காளிகள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். ஒருவர் வேண்டாம் என்றாலும் கதவு திறக்காது. ஒவ்வொருவரிடமும் போனில் பேசிச் சம்மதம் வாங்கிய பெரியவருக்கு, வாடகையே வேண்டாம் என்று சொன்ன எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது பங்குக் குடும்பங்களுக்கும், எங்கள் நன்றி. சினிமாக்காரர்கள் கேட்டால் நல்ல வாடகை கிடைக்கும் வீடு அது. உள்ளறையைத் திறந்து அண்டா, உருளி, மங்குப் பாத்திரம், ரத்தினக் கம்பளம் எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். சாமான் பரப்பிய காட்சியில் நீங்கள் பார்த்ததெல்லாம் நிஜமான சீர்ச் சாமான். ஒன்றுகூட வாடகைக்கு எடுத்ததில்லை. ஷூட்டிங் முடிந்ததும் புளி போட்டுத் துலக்கித் திரும்ப அடுக்கிய வீட்டுக் காவல்கார அம்மாவுக்குத் தனி நன்றி.

வளவில், அதாவது வீட்டு நடுவே இருக்கும் திறந்த முற்றத்தில், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு டேக்கில் ஆச்சி முகத்தில் இருக்கும் வெளிச்சம் அடுத்த டேக்கில் தூணுக்குப் போய்விடும். எதிர் குழுவின் லைட்மேன் தம்பி வீடுவீடாகப் போய் வெள்ளை வேட்டிகள் வாங்கி வந்து, ஒன்றோடொன்று தைத்து, வளவுக்கு மேலே ஓட்டுச் சரிவிலிருந்து இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரே வெளிச்சம். இத்தனை வருஷம் இந்த மாதிரி வீடுகளில் ஷூட்டிங் நடத்தும் எங்களுக்கு இது தோன்றியதில்லை. இப்போது எங்கள் தொடருக்கும் அவர் தைத்த படுதாதான்.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் சுட்டு அனுப்பிக்கொண்டே இருந்த ஆச்சிமார்களுக்கும், கந்தரப்பம் கொடுத்தனுப்பியவர்களுக்கும் நன்றி.

அடுத்து, கடைசி வசனம். எந்தப் பகுதியும் ஆச்சியின் முகத்தில்தான் முடியும் என்பது எங்கள் வழக்கம். அவர்களுக்கோ அண்ணாச்சி கல்லாவைப் பூட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் தொடர் முடியாது. இந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது, இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. ஆச்சியாக நடிக்கும் அம்மாதான் அதை முடித்து வைத்தார். "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் கொண்டாந்தவுக அவுக. மொதத் தண்ணியும் கடைசி வார்த்தையும் வந்தவுகளுக்குத்தான்" என்றார். அண்ணாச்சியாக நடிப்பவர் எழுந்து வந்து அவர் காலைத் தொட்டார்; பெயர் ஓடும்போது ஆச்சி வீட்டுக் குழுதான் முதலில் வர வேண்டும் என்றார். வருஷக்கணக்காக ரசிகர்களிடம் சம்பாதித்த இடத்தை ஒரு நடிகர் விட்டுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு பேரையும் வணங்குகிறேன்.

நாற்காலி என்று சொல்லிக்கொண்டே போகிறேன், என்ன நாற்காலி என்று சிலர் கேட்டீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தானாக நிமிர்ந்து உட்கார முடியாது. படுக்கவைத்தே ஊட்டினால் புரையேறும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. சாய்மானமும் பிடிமானமும் சரியாக இருந்தால் அதே பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடும், தட்டில் உள்ளதைக் கையால் தொட்டு அளையும். பிள்ளைக்குப் பிள்ளை அளவு வேறு. அதனால் பிசியோதெரபிஸ்ட் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்தார். இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு, பாதம் எங்கே பதிய வேண்டும் என்று ஆசாரி அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் தொடைகளுக்கு நடுவே சின்னக் கட்டை வைத்து, அதன் விளிம்பை உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்து, இடுப்புக்கும் மார்புக்கும் வார் கட்டி, முன்னால் கழற்றி மாட்டும் பலகையும் வைத்தார். கால்பலகையில் வரிசையாகத் துளை போட்டிருக்கிறார். பிள்ளை வளர வளர ஒரு துளை கீழே இறக்கிக்கொள்ளலாம். மரத்துக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு பையனின் அம்மா, அவன் முதன்முதலாகத் தன் தங்கைக்கு நேராக உட்கார்ந்து சோறு சாப்பிட்டதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு இரண்டு குழுவினருக்கும் காட்டினேன்.

ஒரே நேரத்தில் இரண்டு சானலிலும் ஒளிபரப்ப ஒப்புக்கொண்டு, அந்த ஒரு மணி நேர விளம்பர வருமானத்தையும் கொடுத்த கேபிள்காரர்களுக்கு நன்றி. கடையில் உண்டியல் வைத்தவர்களுக்கும், ஜிபேயில் பெயர் சொல்லாமல் அனுப்பியவர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கை இரண்டு சானல் அலுவலக வாசலிலும் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மீதிப் பணம் கொஞ்சம் இருக்கிறது. அளவெடுக்காமல் விட்டுப்போன பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் பெயர் கொடுங்கள். ஆசாரி அண்ணன் மரம் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இரண்டு தொடர்க் குழுவினர் சார்பாக,
ஆச்சி வீட்டு வசனகர்த்தா