சித்திக்கு, அம்மாவின் முதல் வருஷத்தில்

அன்புள்ள சித்தி,

நீங்கள் எனக்குத் தருவதாகச் சொன்ன நிலத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு வேண்டாம். தங்கச்சி பேருக்கே எழுதுங்கள். ஃபோனில் சொன்னால் அழுவேன், இல்லையென்றால் கோபப்படுவேன். அதனால்தான் கடிதம். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்குத் தெரியாத எதையும் எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காமலேயே இத்தனை வருஷம் ஓடிவிட்டது, அது போதும். என்னை அம்மாவிடம் ஏன் கொடுத்தீர்கள் என்பது மட்டும் நமக்குள் இருக்கட்டும்.

வகுப்பில் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலை நடத்தும்போது எட்டாம் புத்தகத்தில் ஓர் இடத்தை எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். அன்பு என்பது பெறுவதைவிடச் செலுத்துவதில்தான் இருக்கிறது என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி, பெற்ற பிள்ளையை வேறொருவரிடம் வளர்க்கக் கொடுத்த தாய்மார்கள். பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்தாலே அவர்களுக்குப் போதுமாம். விவரம் தெரியாத பிள்ளை தாய்க்குரியதைத் தராவிட்டாலும் அவர்கள் அன்பு குறையாதாம்.

எனக்கோ இளவயதில் அவருடைய ஆசிரியர் பிளேட்டோதான் பிடிக்கும். பிளேட்டோவின் 'விருந்து' நூலில், டியோட்டிமா என்ற பெண் தனக்குக் கற்பித்ததாக சாக்ரடீஸ் சொல்லும் ஈரோஸ், அதாவது காதலின் உருவம், வறுமையின் வயிற்றில் பிறந்தவன். செருப்பில்லாமல் அலைந்து, அடுத்தவர் வாசற்படியில் படுத்துறங்குபவன். இல்லாததற்காக ஏங்குவதுதான் காதல் என்பது அந்தப் பாடம். ஏங்குகிறவள் நான்தான் என்று நினைத்துப் படித்தேன். வாசலோடு நின்றவர் நீங்கள்.

ஒரு பெரிய லீவு. எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தீர்கள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் பாதியில் இருந்தபோது அம்மா உள்ளே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சீப்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். மீதியை அம்மா பின்னி முடித்தாள். உங்கள் கை தளர்வு, வலிக்காது. அம்மா கை இறுக்கம், ராத்திரி வரை கலையாது. அன்று சாயங்காலம் அந்த இடது பின்னல் மேலே குலைந்தும் கீழே கெட்டியாகவும் கிடந்தது. அம்மா அவிழ்க்க வந்தபோது நான் விடவில்லை.

ஏன் சித்தி அவ்வளவு சீக்கிரம் எழுந்தீர்கள்? அம்மா உங்களை எழச் சொல்லவே இல்லையே!

தாய்மார்களைப் புகழ்ந்த அதே அரிஸ்டாட்டில்தான், பேச்சில்லாமல் போய்ப் பல உறவுகள் கலைந்தன என்ற பழஞ்சொல்லையும் எடுத்துக்காட்டுகிறார். சேர்ந்து உப்பைத் தின்று தீர்க்காமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்பதும் அவர் சொன்னதுதான். அந்த உப்பை நான் அம்மாவோடு தின்றேன். கொடுத்த தாயின் மனதை எழுதிய மனிதர், கொடுக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன இருந்தது என்று அங்கே ஒரு வரி எழுதவில்லை.

எடுக்கும் அன்று உங்கள் கை தோளில் பட்டதும் விலகிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் அம்மா நடுவீட்டில் கிடக்கும்போது நான் வேறெப்படி இருந்திருக்க முடியும்? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் அக்காவைப் பறிகொடுத்து நின்றீர்கள் என்பது காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

அரிஸ்டாட்டில் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். புரோக்ஸெனஸ் என்பவர் அவரை வளர்த்ததாகச் சொல்வார்கள். கி.மு. 322-இல் இறந்த அரிஸ்டாட்டிலின் உயிலை, தத்துவஞானிகளின் வாழ்க்கைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லேயர்ட்டியஸ் எழுதி வைத்திருக்கிறார். அதில் புரோக்ஸெனஸுக்குச் சிலை வைக்கச் சொல்கிறார். பெற்ற தாயின் சிலையை நெமியாவில் டிமீட்டர் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைக்கச் சொல்கிறார். டிமீட்டர், மகளைப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராகத் தேடி அலைந்தவள். இதை வகுப்பில் சொல்லிவிட்டு என்னால் மேலே நடத்த முடியவில்லை.

நிலம் தந்து எதையோ தீர்க்கப் பார்க்கிறீர்கள். அரிஸ்டாட்டில் கணக்கில் பிள்ளைதான் கடன்காரி, அதுவும் அடைத்து முடியாத கடன். உங்களிடம் எனக்கு வரவேண்டியது நிலம் இல்லை. வருஷத் திதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வாருங்கள். வந்த அன்றே கிளம்பும் பேச்சு வேண்டாம், ஒரு மாதமாவது என்னோடு இருங்கள். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தங்கச்சியிடமும் நானே பேசுகிறேன்.